தையலுக்கு விட்ட இடம்

இது என் அப்பாவின் கதை. ஆனால் அப்பா எனக்குச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவர் முனிரத்தினம் அண்ணன், எட்டு மாதம் கழித்து இருவரும் மறுபரிசோதனைக்கு வந்த நாளில், ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். ஆபரேஷன் நடந்த அன்று காலை ஒன்றரை மணி நேரம் அப்பா வாயை மூடவே இல்லையாம். எங்கள் வீட்டில் அப்பா ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதனால் முதலில் நான் நம்பவில்லை. அந்த நேரத்தில் நான் ரத்த வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் சொன்னதை அப்பாவின் மனதுக்குள் வைத்து எழுதிப் பார்க்கிறேன். பேச்செல்லாம் அண்ணன் சொன்னபடி. நடுவில் ஓடுகிற நினைப்பில் பாதி நான் இட்டு நிரப்பியது. தப்பு இருந்தால் அது என்னுடையது.

துண்டால் தொடையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறேன், கோட்டைக் காணோம். ஈரத்தில் தெரியவில்லையோ என்று இன்னொரு தரம் துடைக்கிறேன். இல்லை. நேற்றுச் சாயங்காலம் சின்ன டாக்டர் வந்து போட்ட கோடு. வலது தொடையில் பழைய தழும்பை நடுவில் வைத்து, படுக்கப்போட்ட மாங்காய் மாதிரி ஒரு வட்டம், அதற்கு மேலே கீழ்நோக்கி ஒரு அம்பு, ஊதா மை. இப்போது அம்பின் வால் மட்டும் இடுப்புப் பக்கத்தில் ஒரு நகத்தளவு இருக்கிறது. பீர்க்கங்கூட்டைத் திருப்பிப் பார்க்கிறேன், அதில் ஊதா இருக்கிறது. சிஸ்டர்தான் சொன்னது, இந்தச் சிவப்புத் தண்ணியப் போட்டுக் கழுத்துலருந்து பாதம் வரைக்கும் நல்லாத் தேய்ச்சுக் குளிங்க என்று. நல்லா என்றால் நான் நல்லாத்தான் தேய்ப்பேன். பனியன் கம்பெனியில் பஞ்சுத் தூசிக்குள் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவனுக்குக் கூடு போட்டுத் தேய்க்காமல் குளித்தால் குளித்த மாதிரியே இராது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த ருக்குமணி அதைத் தெரிந்துதான் பைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். தேய்க்கும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கக் கூடாது என்று தேய்த்தேன். கட்டி சுருங்கட்டும் என்று கதிர் மெஷினில் கரண்ட் வைத்த இருபத்தைந்து நாளும் இதே தொடையில் வேறு கோடுகள் போட்டிருந்தார்கள், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, அழிச்சீங்கன்னா முதல்லருந்து அளவெடுக்கணும் பாத்துக்குங்க என்றார்கள். ஐந்து வாரம் அந்தக் காலில் சோப்புப் படவில்லை, வேர்த்தால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேட்டி உரசும் என்று வலது பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பஸ்ஸில் ஒருத்தன் சிரித்தான்கூட. ஐந்து வாரம் காத்த கோடு அது. இதைப் பத்து நிமிஷம் காக்கத் தெரியவில்லை. வெளியே சிஸ்டர் கதவைத் தட்டுகிறது, அண்ணா ஆச்சுங்களா, ஆறாச்சு. ஆச்சுங்க என்கிறேன். சொல்லிவிடலாம். கதவைத் திறந்ததும் சொல்லிவிடலாம், அம்மிணி கோடு அழிஞ்சு போயிருச்சு என்று. என்ன செய்யும், திட்டும். திட்டினால் என்ன. ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டால்? இன்னும் ஒரு வாரம் என்றால்? தள்ளிப்போட்டால் நல்லது என்று மனசுக்குள் ஒன்று சொல்கிறது. சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கிறேன். நான்தான். தள்ளிப்போட்டால் கட்டியும் ஒரு வாரம் வளரும். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைச் சட்டைக்குள் கையை விடுகிறேன். முதுகுப் பக்கம் திறந்த சட்டை, நாடா வைத்தது, தையல் சரியில்லை, ஓரத்து ஓவர்லாக் பிரிந்து தொங்குகிறது. இடுப்பைத் தடவுகிறேன், அரைஞாண் கயிறு இல்லை. நேற்று இரவே சிஸ்டர் வெட்டிவிட்டது. உள்ளே எதுவும் இருக்கக் கூடாதாம். கத்தரியைப் பிடித்த விதமே சரியில்லை, நுனியால் வெட்டியது. அரைஞாண் கயிற்றை எப்போது வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும், ருக்குமணிக்கும் தெரியும். அவள் அந்தக் கயிற்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடுப்பு வெறுமையாக இருக்கிறது. நாற்பத்தேழு வயசில் முதல் தரம்.

கட்டிலுக்கு வந்து காலை நீட்டி உட்காருகிறேன். ருக்குமணி இல்லை, திருநீறு வாங்கப் போயிருப்பாள். மகள் மேகலா ரத்தம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள். பக்கத்துக் கட்டிலில் முனிரத்தினம் தம்பி ஒற்றைக் கையால் டீ குடிக்கிறது. இன்னொரு கை மூங்கில் மாதிரி கட்டுப் போட்டுத் தலையணை மேல் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்பாகத் தண்ணி சேர்கிறது. அதற்கும் கட்டிதான், ஆபரேஷன் முடிந்து நாலு நாள். கை இருக்கிறது. அதை நான் தினமும் பார்த்துக்கொள்கிறேன், காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கையைத்தான் பார்ப்பேன், இருக்கிறதா என்று. என்ன டெய்லரண்ணே, பேய் அடிச்சாப்புல இருக்கறீங்க என்கிறது. நான் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடவில்லை. ஏனுங் தம்பி, கோடு அழிஞ்சு போயிருச்சுங்க என்கிறேன். என்னா கோடு? டாக்டரு போட்டது. தேய்ச்சுப்போட்டனுங்க. தம்பி டீயை வைத்துவிட்டுச் சிரிக்கிறது, குழாய் ஆடுகிறது. அட, நீங்க என்ன ஜாக்கெட்டா தைக்கக் குடுத்திருக்கீங்க, அளவு மாறிப்போச்சுன்னு அழுவறதுக்கு? தழும்பு இருக்குது, ஸ்கேன் இருக்குது, இந்தத் தொடையப் பாத்தா குருடனுக்குக்கூட எந்தக் காலுன்னு தெரியும். அதில்லீங் தம்பி, எந்தக் காலுங்கறதில்லீங்க என்கிறேன். பிறகு எது என்று கேட்கிறது. அதைச் சொல்லத்தான் வரவில்லை. எந்தக் கால் என்று தெரியாமல் போய்விடும் என்ற பயமா? அதுவும் கொஞ்சம் இருக்கிறது, மயக்க மருந்தில் குப்புறப் போட்டால் வலது இடதாகிவிடும், ஜட்டிக்கு வெட்டின பீஸை உள்வெளி மாற்றித் தைத்தவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அது இல்லை. அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் கத்தி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்தது. கோடு போட்டால் அந்தக் கோட்டில்தான் வெட்டுவார்கள், கட்டிங் மாஸ்டர் குடித்துவிட்டு வந்தாலும் கோட்டைத் தாண்ட மாட்டான். கோட்டை நம்பிப் பிழைத்தவனுக்கு வேறென்ன தோன்றும். நேற்றுச் சாயங்காலம் அந்தக் கோடு போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. முட்டிக்கு மேலே நாலு விரல் தள்ளிக் கோடு முடிந்திருந்தது. அப்படியானால் முட்டி என்னுடையது. பாதம் என்னுடையது. இப்போது கோடு இல்லை. இப்போது எதுவரைக்கும்?

ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிற தாளில் அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அழிக்க எந்தப் பீர்க்கங்கூடும் இல்லை. நேற்று மேகலா இந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் வாசித்தாள். வீட்டுக்கு வருகிற தாளெல்லாம் அவள்தான் வாசிப்பது, கரண்ட் ஆபீஸ் தாள், கம்பெனிப் பி.எஃப். தாள், எல்லாம். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சர்டிபிகேட் இருக்கிறது அவளிடம். கணக்கில் பி.எஸ்சி. தலைமுறைக்கு ஒருத்தி வாசித்தால் போதும், நாங்கள் கேட்டுக்கொள்வோம். வாசிக்கும்போது அவள் குரல் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிற்காமல் போகும். நேற்று ஒரு இடத்தில் நின்றது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். மூடியைச் சரியாகத் திருகினாள். பிறகு கட்டைவிரலைக் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்துக்கொண்டு, மயக்க மருந்தினால் ஏற்படக்கூடிய, என்று ஆரம்பித்தாள். எனக்குத் துணி தெரியும். ஓடுகிற தையலில் ஒரு ஊசி விட்டுப்போனால் சத்தத்திலேயே தெரியும், டக் டக் டக் என்று போவதில் ஒரு டக் இருக்காது. ருக்குமணிக்குத் தெரியவில்லை. அவள் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தாளைப் பார்த்து. இங்க கையெழுத்துப்பா என்று மேகலா பேனாவைக் கொடுக்கும்போது சிஸ்டர் கூப்பிட்டது, பேஷண்ட்டோட பொண்ணு வாங்க என்று. பேனாவும் தாளும் என் மடியில். நான் ஐந்தாவதுதான் படித்தவன், ஆனால் எழுத்துக் கூட்டினால் வரும். நேரம் ஆகும், அவ்வளவுதான். பேனாவைப் பிடித்து வரிக்கு வரி புள்ளி வைத்துக்கொண்டுதான் எனக்குப் படிக்க வரும், இல்லாவிட்டால் கண் மேல் வரிக்கே திரும்பிப் போகும். மேகலா பத்தாவது மார்க் ஷீட்டை அப்படிப் படித்து, பாடத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைத்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுதாள். ஒரிஜினல்ப்பா, ஒரிஜினல்ல போய் யாராச்சும், என்று. அதற்குப் பிறகு அவள் தாளை என் கையில் கொடுப்பதில்லை. நேற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். கட்டி பெரிய ரத்தக் குழாயையோ நரம்பையோ சூழ்ந்திருந்தால் உயிரைக் காக்கும் பொருட்டுக் காலை அகற்றுவதற்கும் சம்மதிக்கிறேன். சூழ்ந்திருந்தால் என்பதை மூன்று தரம் கூட்டினேன். அகற்றுவதற்கும் என்பது ஒரே தரத்தில் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன். அவள் திரும்பி வந்து தாளை வாங்கும்போது என் முகத்தைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். பொய் சொல்லப் பழகாத பிள்ளை. அவளுக்கு எதற்கு இந்தப் பாரம் என்று நான் நினைத்தேன், அப்பாவுக்கு எதற்கு என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மடித்த துணி மாதிரி அந்த வரி நடுவில் கிடந்தது.

ஏனுங் தம்பி, வெட்டி எடுத்தாங்கன்னா அதை என்ன பண்ணுவாங்க? முனிரத்தினம் தம்பி முறைக்கிறது. எதை? காலை. தம்பிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பேச்ச விடுங்கண்ணே என்கிறது. இல்லீங், தெரிஞ்சா சொல்லுங்க. ஊட்டுக்காரங்க கேட்டாக் குடுத்துருவாங்களாம் பொதைக்க, யாரோ சொன்னாங்க, எனக்குத் தெரியாது என்கிறது. கம்பெனியில் வெட்டின பிறகு மிஞ்சுகிற துண்டுத் துணியை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள், மெத்தைக்குள் அடைக்க. என் காலைத் துணியில் சுற்றி ருக்குமணி கையில் கொடுப்பார்கள். அவள் என்ன செய்வாள், அவளுடைய தம்பியைக் கூப்பிடுவாள். அவன் எங்கே புதைப்பான்? குழி எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் ஒரு காலுக்கு? தேங்காய் உடைப்பார்களா? நான் இங்கே கட்டிலில் படுத்து இட்லி தின்றுகொண்டிருப்பேன், அங்கே என்னுடைய பாதம், கட்டைவிரலில் ஊசி ஏறின அந்த வடு, எல்லாம் மண்ணுக்குள். முன்னாடியே போய் இடம் பிடித்து வைக்கிற மாதிரி. கீழ்த்தளத்தில் செயற்கைக் கால் செய்கிற அறை இருக்கிறது, கரண்டுக்குப் போகிற வழியில், கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். சுவரில் சாய்த்துக் கால்கள், ஒரு கால், ஒரு கால், ஒரு கால், ஜோடியே இல்லாமல். இருபத்தைந்து நாளும் அந்த இடம் வந்தால் மறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். இருபத்தாறாவது நாள் கரண்ட் இல்லை, பார்க்கவென்றே போய்ப் பார்த்தேன். பாதத்துக்கு வண்ணம் அடித்திருந்தார்கள், நம் நிறம். ஒரு காலை வைத்துக்கொண்டு பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்ட முடியாது என்றில்லை. பெடல் ஒரு காலில்தான். ஆனால் துணியை நகர்த்தும்போது மெஷினுக்கு அடியில் இருக்கிற இரும்பை வலது முட்டியால் தள்ள வேண்டும், தள்ளினால் ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்கிப் பிடிக்கிற மெஷின் பாதம் தூக்கிக் கொடுக்கும், ஒரு நாளைக்கு ஆயிரம் தரம், இரண்டாயிரம் தரம். அந்த இரும்பு பட்டுப் பட்டுத்தான் கட்டி வந்தது என்று நான் பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னேன். அப்படியெல்லாம் வராதுங்க, நீங்க ஒரு தப்பும் பண்ணலை என்றார். நல்ல மனசு. ஆனால் இரும்பு படுவது முட்டிக்கு வெளிப்பக்கம், கட்டி அதற்கு ஒரு சாண் மேலே, அதே வெளிப்பக்கம். ஒரு சாண் ஏறி வர இருபத்தெட்டு வருஷம் போதாதா? வராது என்றார். நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்றார். அப்படியானால் ஏன் வந்தது என்று கேட்டேன், தெரியாதுங்க என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதிலிருந்துதான் பயம் அதிகமானது, நம்பிக்கையும் அதிலிருந்துதான் வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து எப்படி வரும்? வருகிறது.

மணி ஏழு இருக்கும். வராண்டாவில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கிறது, எட்டிப் பார்க்கிறேன். என்னைக் கூட்டிப்போக வருகிற வண்டி இல்லை, இது இட்லி வண்டி. மேகலாவின் துணிப்பை தலைமாட்டில் இருக்கிறது, அதில் அந்தப் பேனா. தம்பி, நானே போட்டுறட்டுங்களா? எதை? கோட்டை. தம்பி தலையில் கை வைக்கிறது, நல்ல கைதான், கட்டுப் போடாதது. யோவ் அண்ணே, சிஸ்டரக் கூப்புடு, சொல்லு, முடிஞ்சுது. திட்டுமுங்க. திட்டட்டும், எங்க ஓனரு திட்டாத திட்டா. நான் பேனாவை எடுத்துவிட்டேன். சட்டையை ஒதுக்கி, காலைத் திருப்பி வைத்துக்கொள்கிறேன். கரண்ட் வைத்த இடம் கருத்து, மயிரில்லாமல், வேறொருத்தர் தோல் மாதிரி இருக்கிறது. நடுவில் அந்தப் பழைய தழும்பு. எவ்வளவு சின்னத் தழும்பு. ஊரில் முதலில் பார்த்த டாக்டர் போட்டது, கொழுப்புக் கட்டிதாங்க, அரை மணி நேர வேலை என்றார். நாலே தையல். வீட்டுக்கு வந்து எல்லாரிடமும் காட்டினேன், நல்ல கை, எத்தனை நெருக்கமாகப் போட்டிருக்கிறார் பார் என்று மெச்சினேன். எடுத்ததை எங்கே சோதித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. சோதிக்கவே இல்லை, வாளியில் போட்டுவிட்டார். நாலாவது மாதம் அதே தையலுக்கு அடியில் திரும்ப வந்தது, இந்தத் தடவை கல் மாதிரி. கட்டியை மட்டும் நோண்டி எடுக்கக் கூடாதுங்க, அது கண்ணுக்குத் தெரியாம சுத்தியும் ஓடியிருக்கும், சுத்தி நல்ல சதையையும் சேத்து எடுக்கணும் என்று பெரிய டாக்டரம்மா சொன்னபோது, தையலுக்கு விட்டு வெட்டற மாதிரிங்களா என்று கேட்டேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, அதேதாங்க என்றார். ஆனால் அதே இல்லை. எங்களுக்குத் தையலுக்கு விட்ட துணி எங்களிடமே நிற்கும். இங்கே எடுத்துப் போடுகிற துண்டோடு அதுவும் போய்விடும். நல்ல சதை. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத சதை.

பேனா முனையைத் தொடையில் வைக்கிறேன். முதலில் எழுதவில்லை, ஈரம். ஊதிவிட்டு வைக்கிறேன். மேலே தொடங்கி வெளிப்பக்கமாக இறங்க வேண்டும். நேற்றுப் பார்த்த கோடு கண்ணில் அப்படியே இருக்கிறது, அளவு ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது. ஆனால் முனை அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு விரல் உள்ளே வந்து நிற்கிறது. தானாக வந்த மாதிரி. ஒரு விரல் உள்ளே தள்ளிப் போட்டால் யாருக்குத் தெரியும்? உள்பக்கம்தானே அந்தப் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, டாக்டரம்மா படத்தில் காட்டினார், சிவப்பாக ஒன்று நீலமாக ஒன்று. அந்தப் பக்கம் ஒரு விரல் குறைத்துப் போட்டால் கத்தி அங்கே போகாது. போகாவிட்டால் அது சூழ்ந்திருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பார்க்காவிட்டால் அந்த வரிக்கு வேலை இல்லை. கால் இருக்கும். கால் இருந்தால் போதாதா? ஒரு விரல்தானே. தம்பி எட்டிப் பார்க்கிறது. அண்ணே, என்னா சின்னதாப் போடறீங்க என்கிறது. எப்படித் தெரிந்தது தம்பிக்கு? நேத்து நானும் பாத்தன்ல, முட்டிகிட்ட வந்துச்சு. ஊர் டாக்டர் ஒட்ட வெட்டினார். எனக்குப் பிடித்த மாதிரி வெட்டினார், சின்னதாக, அழகாக, நானே மெச்சுகிற மாதிரி. ஒட்ட வெட்டின துணி என்ன ஆகும்? போட்ட அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். குனிந்தால் பிரியும். ஒரு தடவை லோடு முழுக்க அப்படித் திரும்பி வந்தது, இடுப்புப் பக்கம் எல்லாம் பிரிந்து, தையலைக் குற்றம் சொன்னார்கள், நான் எடுத்துக் காட்டினேன், தையல் இல்லீங்க, துணியே விடலீங்க, எதைப் பிடிச்சு நான் தைப்பேன் என்று. அன்றைக்கு அவ்வளவு சத்தமாகப் பேசினேன். அது துணி. இது நான். எச்சில் தொட்டு அந்த ஒரு விரல் கோட்டை அழிக்கிறேன். அழிய மாட்டேன் என்கிறது, இப்போது பார்த்து. தேய்க்கிறேன். பிறகு வெளியே, நேற்று இருந்த இடத்தில், அதே இடத்தில் வைத்து இழுக்கிறேன். தழும்பைச் சுற்றி, முட்டிக்கு மேலே நாலு விரல், உள்பக்கமாகத் திரும்பி அந்தக் குழாய் ஓடுகிற பக்கம், அங்கே கை நின்றுவிடப் பார்க்கிறது, நிற்க விடவில்லை, மேலே வந்து தொடங்கின இடத்தில் சேர்க்கிறேன். அம்பு போட்டேன். போட்டு முடித்ததும் பல் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஏ.சி. இல்லாத வார்டு. போர்வையை இழுத்துக்கொண்டேன், நிற்கவில்லை. தம்பி எழுந்து தன் டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் உட்காருகிறது. இந்தா பாருங்க அண்ணே, எனக்கு ரெண்டு விரல் தூக்க மாட்டேங்குது. ஸ்டியரிங்குக்கு மூணு விரல் போதும். ஆரனுக்கு ஒண்ணு. சிரிக்கச் சொல்லித்தான் சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சின்ன டாக்டர் வந்தார். வண்டியும் கூடவே வந்தது, இட்லி வண்டி இல்லை. போர்வையை ஒதுக்கிப் பார்த்துவிட்டு நின்றார். ஏனுங்க, இது நான் போட்டதில்லையே, நீல மை. குளிக்கைல போயிருச்சுங்க. யாரு போட்டது? நான்தானுங்க. அவருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, குனிந்து நன்றாகப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்கா நான்கூடப் போடலீங்களே என்றார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். ஒரே இழுப்பில். நான் அத்தனை பாடுபட்டு இழுத்தது. ஊதாப் பேனாவை எடுத்து அதே இடத்தில் போட்டுக்கொண்டே சொல்கிறார், இது இடம் தெரியறதுக்குத்தாங்க, கவலப்படாதீங்க, உள்ள எவ்வளவு எடுக்கறதுங்கறது தொறந்து பாத்துத்தான் மேடம் முடிவு பண்ணுவாங்க. அப்படியானால் கோடு கோடே இல்லை. கோடு இருந்தபோதும் இல்லை. ஆறு மணியிலிருந்து நான் எதைக் காத்தேன், எதை அழித்தேன், எதைத் திரும்பப் போட்டேன்? வண்டியில் ஏறப் படுக்கிறேன். முதுகில் ரெக்ஸின் சில்லிடுகிறது. சார் என்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை, சார் என்று திரும்பச் சொல்கிறேன். டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க. ஒட்ட வெட்ட வேண்டாமுங்க. தாராளமா விட்டே வெட்டச் சொல்லுங்க. முடியலீன்னா தாள்ல இருக்கறாப்புலயே பண்ணீரச் சொல்லுங்க, நான் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டனுங்க. எம் புள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம், நான் படிச்சது. சின்ன டாக்டர் என் தோளில் கை வைத்தார். வண்டி திரும்பியது. ருக்குமணி திருநீறோடு ஓடி வருகிறாள், மேகலா பின்னால் சீட்டை ஆட்டிக்கொண்டு, ரத்தம் கெடச்சிருச்சுப்பா, கெடச்சிருச்சு என்று. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேனா? பல் அடித்துக்கொண்டதைச் சிரிப்பு என்று நினைத்திருப்பாள்.

சிரித்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பாவின் கால் இருக்கிறது. ரத்தக் குழாயைக் கட்டி தொட்டிருந்தது, சூழ்ந்திருக்கவில்லை. குழாயின் மேலுறையோடு சேர்த்து உரித்து எடுத்ததாக டாக்டரம்மா சொன்னார். தொடையில் கை வைத்தால் அடங்குகிற அளவுக்குப் பள்ளம். படி இறங்கும்போது முட்டி மடங்கிக்கொள்கிறது, அதனால் கைப்பிடி இல்லாத படியில் நின்றுவிடுவார். பிளாட்லாக் ஓட்டவில்லை, அதே கம்பெனியில் செக்கிங் மேஜையில் உட்கார்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நெஞ்சுக்கு ஸ்கேன். அந்த நாள் நெருங்கினால் வீட்டில் யாரும் யாரையும் கண்ணால் பார்ப்பதில்லை. முனிரத்தினம் அண்ணன் சொன்னதில் எனக்குக் கடைசிவரை நம்ப முடியாமல் இருந்தது ஒன்றுதான், அந்த வரியை அப்பா தானே படித்தார் என்பது. காலை அகற்றச் சம்மதம் கேட்கிற அந்த ஏழாவது வரியை நான் வாசிக்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. அண்ணனுக்கு என் மனம் ஆறட்டும் என்று தோன்றியிருக்கலாம். அப்படி எனக்கு ஆறுதல் சொல்ல, நான் தவறு செய்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன்.

போன மாதம் மறுபரிசோதனைக்காக மருத்துவப் பதிவு அறையில் எழுதிக் கொடுத்து, அப்பாவின் கோப்பை வாங்கிப் பார்த்தேன். ஒப்புதல் படிவம் நாற்பத்தோராம் பக்கம். அதில் பதினொரு வரிகள். நான் வாசித்தவை பத்து. இடது ஓரத்தில், நீல மையில், வரிக்கு ஒன்றாகப் புள்ளிகள் இருக்கின்றன. ஏழாவது வரியில் மட்டும் மூன்று.